நாலும் வலதுகால்

“ஹலோ! தானா ராத்தா டயர் கடைதானே? மைக்கலா?... கங்காணி ரெங்கசாமி பேசுறேன்... ஆமா, ஆமா, கோலா தெர்லா பக்கத்துத் தோட்டம். என்னா கட நடத்துற நீ? நாலு டயர் கேட்டா நாலும் வலது பக்கத்துக்கே அனுப்பியிருக்க!... சிரிக்காத லா!”

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று ரெங்கசாமி குரலை இன்னும் ஏற்றினார். அடுத்தவனை மட்டந்தட்டுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

“டயருலயே போட்டிருக்கே! 155 SR 13. SR-னா சைடு ரைட்டு. தோட்டத்து சனத்துக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துக் குடுக்கிறவன் நான். R வலதுகாலு, L எடதுகாலு. எனக்கே பாடமா?... என்னது?... 155 அகலமா? மில்லிமீட்டரா?... 13 ரிம்மு அளவு, அது மட்டும் இஞ்சா? ஒரே டயருல பாதிக்கு மில்லிமீட்டரு, பாதிக்கு இஞ்சு! கத வுடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?... S வேகத்துக்கா? அப்ப R?... ரேடியலா?... எந்தப் பக்கமும் மாட்டலாமா? பட்டறைக்காரனும் இதத்தான் சொன்னான். வாய மூடுறான்னேன்.”

கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டார். ரெங்கசாமிக்கு எரிச்சல் வந்தது.

“வலது பக்கம் ரெண்டு மாட்டியாச்சு. மிச்சம் ரெண்டு இங்க கெடக்கு, எடுத்துக்கிட்டு L அனுப்பு... எடது பக்கமா? பழசுதான் ஓடுது... தேஞ்சதுதான், நூலு தெரியுது. அதுக்கென்னா?... ஏன் கத்துற?... காடி இங்க இல்ல. மாப்பிள்ள ஓட்டிட்டுப் போறாரு. எம்மக சீதாவும் கைப்புள்ளையும்... தாப்பாவுக்கு...”

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தாப்பாவுக்கு வளைந்து வளைந்து மலையிறங்கும் ரோட்டை நினைத்ததும் அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இப்பதான் கெளம்புனாங்க... ஆமா, ஆமா, உங்க கட வழியாத்தான்... தம்பி, மைக்கல் தம்பி, செவப்புக் காடி... கொஞ்சம் ரோட்டுல எறங்கி மறிங்க தம்பி... நான் பேசுனத மனசுல வச்சிக்—”

மறுமுனையில் போனை வைத்துவிட்டான். ரோட்டுக்கு ஓடுவதற்காக வைத்தானா, கோபத்தில் வைத்தானா என்று ரெங்கசாமிக்குத் தெரியவில்லை.