கூடை நாலு

— ஏங்க, அந்த ரேடியோ ஸ்கேனரக் கீழ வைங்க, ஊரான் பேச்ச ஒட்டுக்கேட்டது போதும். பூரி ஆறுது. ஞாயித்துக்கெழம ஒருநாளுதான் ரெண்டு பேரும் சேந்து சாப்புடறோம்.

— இரு மேகலா, புதுசா ஒரு அலைவரிசை நம்பரு சிக்குது... பேசறான் பாரு, கன்னடத்துல... ச்சே, போயிட்டான்.

— ஏரில தூண்டில் போட்ட கணக்கா உக்காந்திருக்கீங்க. நோட்டுல என்னா இது, கூடை ஒண்ணு, கூடை ரெண்டு?

— ராயக்கோட்டை மண்டியில தக்காளி தரம் பிரிச்ச கையி! மொதக் கூடையில ரயில்காரங்க. ரெண்டுல பெங்களூரு ஹாம் ரேடியோ ஆளுங்க. மூணுல லாரி ஷெட்டு, எரைச்சல் சாஸ்தி.

— நாலுல ஒரே நம்பரு. பேரு... கொத்தமல்லியா?

— அது சும்மா. ஒண்ணும் கேக்காது.

— கேக்காததுக்கா அடியில மூணு கோடு போட்டிருக்கீங்க?

— பூரி ஆறுதுன்னியே!

— ஆறட்டும். சேதி தெரியுமா? நாளையிலருந்து எங்க கம்பெனி வாக்கிடாக்கி எல்லாம் டிஜிட்டலாம்.

— என்னாது! இந்த டப்பாவுல டிஜிட்டல் கேக்காதே!

— எங்க செட்டு உங்களுக்குக் கேட்டு என்னாத்துக்கு?

— கெழங்கு இன்னும் கொஞ்சம் வையி.

— திருமலை சார், பதில் சொல்லுங்க, ஓவர்.

— கிண்டல் பண்ணாத. எனக்கு மொத ஷிப்டு, உனக்கு ரெண்டாவது. நான் வந்தா நீ இல்ல. நீ வந்தா நான் தூங்கறேன். வாரத்துல ஆறு நாளு உன் கொரலு இதுல மட்டுந்தான்...

— அப்ப கொத்தமல்லி நானா? காய் வாங்கினா குடுக்கற கொசுறா?

— வாசனைக்கு வெச்சேன்மா. எடைமேடையில நீ லாரிக்காரன அதட்டறது வரைக்கும் கேப்பேன். சிரிக்காத.

— சிரிக்கல. வேற என்னா கேட்டீங்க?

— தெனம் ராத்திரி ஏழு மணிக்கு மூணாவது கேட்டு வாட்ச்மேனக் கூப்புடுவ. 'டெஸ்டிங், கேட் மூணு, சாப்ட்டாச்சா, ஓவர்'னு. அவன் ஒருநாளாச்சும் பதில் பேசறானா? திமிரு புடிச்சவன்.

— அவரத் திட்டாதீங்க.

— ஏன், அவனுக்கு என்னா அவ்ளோ வக்காலத்து? யாரு அவன்?

— டிஜிட்டலும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன். என் செட்டு பின்னாடி ஒட்டியிருக்கற நம்பர உங்க நோட்டுல பாத்து ரெண்டு மாசம் ஆவுது. அன்னிலருந்துதான் கேட் மூணக் கூப்புடறேன்... எங்க கம்பெனிக்கு ரெண்டே கேட்டுதாங்க.