நெல்லுக்கு அடியில் உளுந்து

நன்னிலம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் உட்கார்ந்த உடனேயே பொரிந்து தள்ளினார். “நெல்லை அறுக்கச் சொன்னா உளுந்தைக் கொன்னுட்டுப் போயிட்டான், அக்கா!”

“யாருடி?”

“அறுப்பு மெஷின் டிரைவர்தான். வெளி மாவட்டத்துக்காரன். மண்ணை அமுக்காத செயின் வண்டி கேட்டா டயர் வண்டியைக் கொண்டாந்தான். நெல்லுக்கு அடியில தெளிச்ச உளுந்து முளைச்சு ரெண்டு இலை விட்டிருக்குப்பா, நேராப் போயி நேரா வான்னேன். வயல் பூரா வட்டம் போட்டு நசுக்கிட்டான். கோடைக்கு அந்த உளுந்தைத்தானே நம்பியிருந்தோம்!”

“கேக்கலையா நீ?”

“கேட்டேனே. ‘எங்க ஊர்ல அறுத்த பிறகுதான் அடுத்த வெள்ளாமை. நீங்களும் நான் போனப்புறம் தெளிங்க’ன்னு எனக்கே பாடம் எடுக்குறான். அதுக்குள்ள மண்ணு காஞ்சு போயிடாதா? இவன் வந்து எச்சில் துப்பி முளைக்க வைப்பானா?”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “மேல வயல் இன்னும் நிக்குதே, அதுக்கும் அவன்தானா?”

இளையவர் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார். கும்பகோணத்தில் வாங்கிய புதுக் கருக்கரிவாள்கள் நான்கு. “அங்கயும் அடியில உளுந்து முளைச்சிருக்கு, கையாலதான் அறுக்கப் போறோம். நான், வீட்டுக்காரர், நாத்தனார். நாலாவது ஆள் நீங்க.”

அக்கா ஓர் அரிவாளை எடுத்து அதன் பல்லைத் தடவிப் பார்த்தார். “இடுப்பு போனாப் போகுது, வர்றேன். உளுந்து வந்ததும் வடை உண்டுல்ல?”

“ஊருக்கே உண்டு. அந்த டிரைவருக்கு மட்டும் கிடையாது!”