கீழ் வாசலில் என்னை நிறுத்தி வைத்தது பற்றி

என் பெயரும் வீட்டு விலாசமும் தலைமைக் காவலர் மேலே எழுதிக்கொண்டபடியே சரி. வயது முப்பத்தொன்பது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்து வருகிறேன். மேற்படி விலாசத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், என் மனைவியுடனும் அவருடைய ஏழு வயது மகளுடனும் குடியிருந்து வருகிறேன். மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். குழந்தையின் தகப்பனார் அவள் நடக்கப் பழகும் முன்பே நோயில் இறந்துவிட்டார். எங்களுக்குத் திருமணமாகி இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

இன்று காலை நாங்கள் மூவரும் பேருந்தில் இந்த மலைக்காட்டுக்கு வந்து, மேல் வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு, குழந்தைகளோடு நடக்க ஏற்றது என்று பலகையில் எழுதியிருந்த பாதையில் நடந்தோம். குழந்தை முன்னால் போனாள், மனைவி நடுவில், நான் கடைசி. குழந்தை என்னிடம் மரியாதையாகத்தான் இருப்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். என் தொழிலை வைத்து என்னை 'லிஃப்ட் மாமா' என்று கூப்பிடுவாள். திருமணத்துக்கு முன்பே வைத்த பெயர் என்பதால் நாங்கள் அதை மாற்றச் சொல்லவில்லை.

பாதி வழியில் ஓடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஓய்வு இடம் இருந்தது. அங்கே மனைவி உட்கார்ந்துகொண்டு, "செருப்பு கடிக்குது. நீங்க ரெண்டு பேரும் உச்சி வரைக்கும் போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அவர் போட்டிருந்தது வருடக்கணக்காகப் போடும் பழைய செருப்பு. எங்கள் இருவரையும் தனியாக அனுப்பிப் பார்க்கிறார் என்று புரிந்தது. தண்ணீரும் துண்டும் இருந்த பையை அவரிடமே விட்டுவிட்டு நானும் குழந்தையும் மட்டும் போனோம்.

உச்சியில் கம்பி வேலி போட்ட பார்வை மேடையில் நின்றோம். மூடுபனி இறங்கியிருந்ததால் பள்ளத்தாக்கு எதுவும் தெரியவில்லை. "ஒண்ணுமே இல்ல மாமா" என்றாள். "வெள்ளையடிச்ச சுவத்தைப் பார்க்கவா இவ்வளவு மூச்சு வாங்கி வந்தோம்" என்றேன். அதற்கு அவள் சிரித்தாள். நான் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதனால் உடனே திரும்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். அது இப்போது தேவையில்லாத விவரம் என்றால் எழுத வேண்டாம் என்று சொன்னேன். தலைமைக் காவலர் எழுதிக்கொண்டார்.

அதன் பின்பு மழை பிடித்துக்கொண்டது. இறங்கி வரும்போது ஒரு வளைவில் மண் சரிந்து, மரக்கிளையோடு பாதையில் கிடந்தது. நான் ஒரு காலை வைத்துப் பார்த்தேன், முழங்கால் வரை உள்ளே போனது. குழந்தையை அதன் மேல் கூட்டிப்போவது சரியில்லை என்று பட்டது. சற்று மேலே பிரிந்த பாதையில் 'கீழ் வாசல்' என்று அம்புக்குறி இருந்தது. அந்த வழியாக இறங்கி, வாசலில் இருந்து மனைவிக்குப் போன் செய்யலாம் என்று முடிவு செய்தேன். நாங்கள் நின்ற இடத்தில் சிக்னல் இல்லை.

அந்தப் பாதையில் இலைக்குப்பை நனைந்து வழுக்கியது. குழந்தை வேரில் தடுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. ஷூவைக் கழற்றியபோது காலுறைக்குள் ஒரு அட்டைப்பூச்சி ரத்தம் குடித்துப் பருத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அலறிவிட்டாள். நான் நகத்தால் தள்ளி எடுத்து எறிந்தேன். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது. காலுறையிலும் என் சட்டையிலும் வழிந்தது. அதன் பின்பு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழி நெடுக "அம்மாகிட்ட போகணும்" என்று அழுதாள். அம்மாவிடம்தான் போகிறோம் என்று நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

கீழ் வாசலை அடைந்தபோது சீட்டு கொடுக்கும் அம்மாள் வெளியே வந்து, "குழந்தை யாருது?" என்றார். "என் மனைவியோட குழந்தைங்க" என்றேன். "அப்ப உங்களுது இல்லையா?" என்றார். நான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவர் குழந்தையிடம், "இவர் யாரும்மா, அப்பாவா?" என்று கேட்டார். குழந்தை அழுதுகொண்டே, "இல்ல, லிஃப்ட் மாமா" என்றாள். வழியில் போகிற பிள்ளைக்கு வண்டியில் லிஃப்ட் கொடுப்பதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டு வந்த ஆள் என்று அந்த அம்மாள் புரிந்துகொண்டார். குழந்தையைக் கேட்டு வாங்கினார். நானும் கொடுத்தேன். அவளைச் சீட்டுக் கொடுக்கும் அறைக்குள் கொண்டுபோய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

அதற்குள் டீக்கடைக்காரரும் ஒரு வேன் டிரைவரும் இன்னும் சிலரும் கூடிவிட்டார்கள். டிரைவர் என் சட்டையைப் பிடித்தார், பொத்தான்கள் போயின. "முழிக்கிற முழியே சரியில்ல" என்றார் டீக்கடைக்காரர். மனைவியைக் கூப்பிடு என்றார்கள். என் போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. நம்பரைச் சொல் என்றார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. போனில் பெயரைத் தொட்டுத்தான் பழக்கம். ஒவ்வொரு லிஃப்டிலும் ஒட்டி ஒட்டி மனதில் பதிந்த எங்கள் கம்பெனியின் புகார் எண் மட்டும்தான் வாயில் வந்தது. "பொண்டாட்டி நம்பர் தெரியாத புருஷன் எந்த ஊர்ல இருக்கான்" என்று பின்னால் ஒருவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. பிடரியில் ஒரு அடி விழுந்தது. யார் அடித்தது என்று பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் அறைக்குள் குழந்தை அழுவது சட்டென்று நின்றது. ஏன் நின்றது என்று தெரியாமல் நான் கதவை நோக்கிப் போனேன். ஓடப் பார்க்கிறான் என்று என்னைத் தரையில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் அவளுக்குப் பிஸ்கட் கொடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பின்பு தலைமைக் காவலரான அம்மையார் ஜீப்பில் வந்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குழந்தையிடம் தனியாக விசாரித்தார். சீட்டு நீட்டும் துவாரம் வழியாக எனக்கும் கேட்டது.

"உனக்கு எங்க லிஃப்ட் குடுத்தாரு இவரு?"

"அவர் குடுக்க மாட்டாரு. ரிப்பேர்தான் பண்ணுவாரு."

"என்ன ரிப்பேர்?"

"லிஃப்ட் ரிப்பேர். அம்மா ஆஸ்பத்திரியில நானும் அம்மாவும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம். லைட்டும் போயிடுச்சு. மாமா மேல நின்னுட்டு, கதவு திறக்கிற வரைக்கும் பேசிட்டே இருந்தாரு."

"இப்ப அவர் எங்க இருக்காரு?"

"எங்க வீட்லதான். அம்மாவ கல்யாணம் பண்ணிக்கிட்டாரே. ராத்திரி குறட்டை விடுவாரு."

"அவர்கூட போறியா, இல்ல அம்மா வர வரைக்கும் என்கூட இருக்கியா?"

"அவர்கூடதான். கால் வலிக்குது, வேற யாரு என்னைத் தூக்குவா?"

கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். டிரைவர் என் சட்டையிலிருந்து கையை எடுத்தார். தாழ்ப்பாள் திறந்தது. குழந்தை ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து, தரையில் இருந்த என் மடியில் உட்கார்ந்து மீதிப் பிஸ்கட்டைத் தின்றாள். அவள் தின்று முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

தலைமைக் காவலர் மேல் வாசலுக்குத் தகவல் சொன்னபோது, என் மனைவி அங்கே எங்கள் இருவரையும் காணவில்லை என்று அழுதுகொண்டிருப்பதாகப் பதில் வந்தது. வனத்துறை ஜீப்பில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் குழந்தையின் காலைப் பார்த்தார், அடுத்து என் சட்டையைப் பார்த்தார். "பொத்தான் எங்க?" என்று கேட்டார். நடந்ததை டீக்கடைக்காரர் சொன்னதும் எல்லோரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டார். பிறகு எங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வேன் டிரைவர் வந்து, எங்களை வீடு வரைக்கும் கொண்டு விடுவதாகச் சொன்னார். "வேணாம்ங்க. இன்னைக்கு லிஃப்ட் போதும்" என்றார் மனைவி. அப்போதுதான் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தோம். டிரைவர் சிரிக்கவில்லை, ஆனாலும் இந்த வாக்குமூலம் கொடுக்க நாங்கள் ஜீப்பில் இங்கே வந்த பின்பும் வேனைக் காவல் நிலைய வாசலில் நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார்.

என்னைப் பிடித்து வைத்தவர்கள் மீது புகார் உண்டா என்று தலைமைக் காவலர் கேட்டார். அடித்தவர் மீதும் புகார் இல்லை. சீட்டு கொடுக்கும் அம்மாள் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று எழுதிக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு நான் இல்லாத இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் எங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கேயும் ஒருவர் இப்படித் தாழ்ப்பாள் போட வேண்டும்.

இதில் உள்ளது எல்லாம் நான் சொன்னதே. படித்துக் காட்டக் கேட்டேன், கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, அத்தனையும் நடந்தவை. படித்துக் காட்டும்போதே குழந்தை என் வலது கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். கையை உருவினால் விழித்துக்கொள்வாள். ஆகையால் இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன். கோணலாக இருந்தாலும் அது என்னுடையதுதான்.

(ஒப்பம்)

இடது கையால் என் முன்னிலையில் ஒப்பமிட்டார். குழந்தை விழிக்கவில்லை.
தலைமைக் காவலர்