முழங்கை நனையவில்லை

விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதனால்தான் எங்கள் சபையில் ஞானஸ்நானத்தை வெயில் ஏறும் முன்பே வைத்துக்கொள்கிறோம். ராசிபுரத்துக்குத் தெற்கே தங்கசாமியின் தோட்டத்துக் கிணறு இதற்குத் தோதானது. அகலமான படிக்கட்டு. ஐப்பசி மழைக்குப் பிறகு, இறங்கி நின்றால் நெஞ்சளவு தண்ணீர் வரும். நானும் இளவயதில் அதே கிணற்றில் முங்கி எழுந்தவன்தான். தங்கசாமி எங்கள் மார்க்கத்தார் இல்லை; ஆனாலும் தடை சொன்னதில்லை. "எத்தன பேரு வேணாலும் முங்குங்க சாமி. நான் மோட்டாரு போடறதுக்குள்ள மேல ஏறிப்போடோணும். உங்க பாவமெல்லாம் என்ர மஞ்சக்காட்டுக்குப் பாஞ்சிரப்போகுது" என்று சிரிப்பார்.

இன்ஸ்பெக்டர் ஐயா, ஏட்டு எழுதினால் சபை வார்த்தைகள் பிழையாகும் என்பதால் நானே எழுதித் தருகிறேன். காகிதம் கொடுத்ததற்கு நன்றி. என் பெயர் சின்னராஜ். சபையில் மூப்பர். இறந்துபோன பச்சமுத்து என் தங்கை சாலம்மாளின் கணவர். லாரி டிரைவர்.

பச்சமுத்து கெட்டவர் அல்ல. குடிப்பார். மதுவிலக்கு இருந்தபோது ஒளித்துக் குடித்தார். எண்பத்தொன்றில் சாராயக்கடை திறந்த பிறகு ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. உபவாசக் கூட்டம் என்றால் முதல் ஆளாக முழங்கால் போட்டு அழுவார். அடுத்த லோடு இறக்கிவிட்டு வரும்போது சட்டையில் வாசம் அடிக்கும். "மாப்பிள்ளை, போன வாரம் அழுதது யாரு?" என்று கேட்பேன். "அதுவும் நாந்தானுங்க மச்சான், இதுவும் நாந்தானுங்க" என்பார். சாலம்மாள்கூடச் சில சமயம் சிரித்துவிடுவாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

மனிதன் நீதிமானாவது தன் செய்கையால் அல்ல, விசுவாசத்தால். இதை நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். என் கவலையெல்லாம் அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றியது. நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி, வண்ணம் அடித்து வெளியே நிறுத்திய லாரியைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டில் ஏறாதவரைக்கும்தான் அந்தப் பளபளப்பு. எங்கள் சபையில் பெரியநாயகி என்றொரு சகோதரி, சாகக் கிடந்தபோது மனந்திரும்பி, அன்று மாலையே போய்விட்டார். அழுக்காக நேரமே கிடைக்காத ஆத்துமா, பாக்கியவதி என்று போதகர் அடக்கத்தில் சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்து அதைப் பற்றி யோசித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் ஆடிக்குப் பிறகு பச்சமுத்து சாராயத்தைத் தொடவில்லை. போதகர் விசாரித்துச் சம்மதித்தார். ஞாயிறு காலையில் ஞானஸ்நானம் ஆனது. மற்றவர்கள் மேலே ஏறி வேப்பமரத்தடியில் பாடத் தொடங்கினார்கள். உப்புமா வாசம் கிணற்றுக்குள் இறங்கி வந்தது. பச்சமுத்து படியில் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"மச்சான், நாளைக்கு ஸ்டேசனுக்குப் போலாம்னு இருக்கறனுங்க. அந்தப் புல்லுக்கட்டுப் பொம்பள விசயத்தச் சொல்லிப்போடறேன். மனந்திரும்புனவன் மறைக்கப்படாதுன்னு பாஸ்டரு சொன்னாருங்களே."

அந்த விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். மதுவிலக்கு இருந்த காலத்தில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டி, தலையில் புல்லுக்கட்டோடு வந்த சின்னாயி என்ற பெண் பச்சமுத்துவின் லாரியில் அடிபட்டாள். விழுந்தவள் கை அசைத்தாள். நிறுத்திப் பார்க்கலாம் என்றார் பச்சமுத்து. நிறுத்தவில்லை. அன்று ஸ்டியரிங் பிடித்திருந்தவன் நான், ஆசைக்கு ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். பச்சமுத்து குடிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அவர் மனம் அவ்வளவு பலவீனமானது. நான் ஒரு ஆராதனையைக்கூடத் தவறவிடவில்லை.

இதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நினைத்தது அவருடைய ஆத்துமாவை. ஸ்டேஷன், கோர்ட், வக்கீல் என்று அலைகிற மனிதன் எத்தனை நாள் கடைப்பக்கம் போகாமல் இருப்பான்? அந்தக் காலை நேரத்தில் அவர் இருந்த சுத்தம் இனி ஒருபோதும் வராது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"முழங்கை நனையலையே மாப்பிள்ளை. பாஸ்டர் கவனிக்கல" என்றேன்.

எங்கள் சபையில் உடம்பில் ஓர் இடமும் உலர்ந்து நிற்கக்கூடாது. போன வருடம் ஒரு பெண்ணின் கொண்டை தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டதென்று திரும்ப முக்கினோம். பச்சமுத்துவுக்கும் அது தெரியும்.

"அய்யோ, அரகொறையாப் போகப்படாதுங்க மச்சான்" என்று உடனே எழுந்தார்.

நீச்சல் தெரியாதவர். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். சொல்லிக்கொடுத்திருந்தபடி கைகளை நெஞ்சின்மேல் மடித்துக்கொண்டார். மூக்கை நான் பிடித்தேன். பின்னால் சாய்த்தேன். மேலே பாட்டு நடந்துகொண்டிருந்தது. நடுவில் என் கையை மெதுவாகத் தட்டினார், போதும் என்கிற மாதிரி. பிறகு மெதுவாகத் தட்டவில்லை. பாட்டு முடியும்வரை பிடித்திருந்தேன். கோபம் எதுவும் எனக்கு இல்லை. நிமிர்ந்தபோது மேல்படியில் சாலம்மாள் உலர்ந்த துண்டோடு நின்றிருந்தாள்.

இன்று காலை அவளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். பச்சமுத்து முந்தின நாளே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவள் அழவில்லை. "அண்ணா, நீ முங்கி எந்திரிச்சதுக்கு அப்பறந்தான அந்தப் பொம்பள செத்தா? அப்ப உன்னைய மட்டும் எதுக்கு மேல வர உட்டாங்க?" என்று கேட்டாள்.

துக்கத்தில் இருப்பவள், பதில் சொல்லி வருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பச்சமுத்துவை அமுக்கிக் கொன்றது நான்தான். அதற்கு மனந்திரும்ப வேண்டியது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சின்னாயி விஷயம் வேறு. அதற்கு நான் கட்டாயம் மனந்திரும்புவேன். எனக்கு நாள் இருக்கிறது.