சேகரித்தவர்: தேசிகன்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உலர்ந்த செடிகள் இருக்கும் அறைக்குக் காற்று ஆகாது என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வருகிறேன். விசாரணைக் குழு வந்தாலும் அதே விதிதான்.

திருப்பதியில் இந்தக் கல்லூரியின் செடிச் சேகரத்துக்கு நான் பொறுப்பாளன். ஒன்பதாயிரம் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செடியை அழுத்தி, உலர்த்தி, ஒட்டியிருக்கும். மூலையில் ஒரு சீட்டு: எந்த இடம், என்ன தேதி, எத்தனை இருந்தன, சேகரித்தவர் யார். 2011இல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உலகமே பார்க்கும்படி இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அமெரிக்கா போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது பெருமாளும் சர்க்கரை வியாதிக்காரர்களும்தான். என் மகன் கேசவ் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். "அப்பா, நெட்ல உங்க பேரைப் போட்டுத் தேடினேன். சென்னையில யாரோ பல் டாக்டர்தான் வர்றார்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது.

ஆகவே ஒரே ஒரு சீட்டை மாற்றினேன். காளஹஸ்தி மலைச்சரிவில் 1993இல் கிடைத்த, சாண் உயரத்தில் வெளிறிய ஊதாப் பூ பூக்கும் செடி. வேறெங்கும் இருப்பதாகப் பதிவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் ஏர்பேட்டுக் கங்கையா. எங்களோடு தினக்கூலிக்கு மலையேறியவர். அவர் பெயரின் மேல் என் பெயரை ஒட்டி ஸ்கேன் செய்தேன். ஜீப் ஏற்பாடு செய்தது நான்தானே. மேலும் நான் திருமலைக் கைங்கரியக் குடும்பம். அங்கே பூத்ததெல்லாம் பெருமாளுக்கே, மனிதர் யாரும் சூடுவதில்லை. ஒரு பூ யாரைச் சேரவேண்டும் என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே குழப்பம் கிடையாது.

கங்கையாவின் மகள் சிவசங்கரிக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவளும் தன் அப்பா பெயரைத் தேடியிருக்கிறாள். கிடைக்காமல், அவரையே அழைத்துக்கொண்டு வந்து இந்த மேசை முன் நின்றாள். உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன். அவள் கோபப்பட்டாள். கங்கையா படவில்லை. அதுதான் தொந்தரவாகப் போயிற்று.

"உடும்மா. செடி அங்கியேதான் கீது, வருசா வருசம் போய்ப் பாத்துக்கினுதான் கீறேன். மழ நின்னு பூ வரட்டும். ஒண்ணு எடுத்தாந்து தரேன் சார், அதுக்கு எம்பேரு போடு, போதும்."

நியாயமான பேச்சு. ஆனால் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். மறுநாளே மலைக்குப் போனேன்.

பதினொரு செடிகள் இருந்தன. இருபதுக்குக் குறைந்தால் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். மாணவர்களுக்குச் சரியாக எடுக்கத் தெரியாது. நான் ஒரு வேர்கூட அறாமல் எடுத்தேன். விதை உதிர்ந்திருக்கலாம் என்பதால் ஒரு விரற்கடை மண்ணையும் வழித்து வந்து, உலர்த்தும் அடுப்பில் வறுத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

நீங்கள் துப்புத் துலக்கச் சிரமப்படவில்லை என்பதும் என்னால்தான். அந்தச் செடிகளை ஒட்டிய புதுத் தாளின் சீட்டில் பொய்த் தேதி எழுதக் கை வரவில்லை. 'இருந்தவை பதினொன்று, எடுத்தவை பதினொன்று' என்று நானே எழுதி, நானே இணையத்திலும் ஏற்றினேன். பெயர் விஷயத்தில் ஒரு சின்னச் சலுகை எடுத்துக்கொண்டேன், மற்றபடி என் சீட்டில் யாரும் குறை சொல்ல முடியாது.

மழைக்குப் பிறகு கங்கையா போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் குழிகளின் பக்கத்திலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார் என்று சிவசங்கரி எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாவம், அத்தனை தூரம் ஏறியிருக்கவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் 'அழித்தார்' என்று இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொடுங்கள். மலையில் இருந்தவரை அதை ஒரே ஒருவர்தான் பார்த்தார். இப்போது நியூஜெர்ஸியில் உட்கார்ந்தபடி கேசவ் பார்க்கலாம். போன ஞாயிறு கேட்டேன். இன்னும் பார்க்கவில்லை, நேரம் கிடைக்கட்டும் என்றான். அவசரம் ஒன்றுமில்லை. அந்தச் செடிக்கு இனி ஓர் ஆபத்தும் வராது.