ஈரப் போர்வை போர்த்திய தொட்டி

வீட்டுக்குள் கரப்பான் மருந்து அடிக்கும்போது மீன் தொட்டிக்குக் கண்ணாடி மூடி போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போதாது. மிச்சக் கோழியை மூடிவைக்கிறோமே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை மூடிக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஓரமெல்லாம் டேப் ஒட்ட வேண்டும். அதற்கும் மேலே நனைத்துப் பிழிந்த போர்வை. இதையெல்லாம் செய்து காற்று மோட்டாரை ஓட விட்டால் அத்தனையும் வீண். அந்த மோட்டார் அறையில் இருக்கிற காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் ஊதுகிறது. அறைக் காற்றில் மருந்து இருந்தால் தண்ணீரிலும் மருந்து. மனிதனுக்குத் தொண்டை கரகரக்கும், அவ்வளவுதான். மீன் பிழைக்காது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஐயா, இந்த ஓசெல்லா டேட்டம் கவனமில்லாதவள் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கெளுத்தி மீன் வெட்டும் ஆலையில் முதலில் தலை வெட்டும் ரம்பத்தில் நின்றேன். குளத்திலிருந்து மீன் உயிரோடு வரும், கரண்ட் வைத்து மயக்குவார்கள், ரம்பத்துக்கு வரும்போது சிலது இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்தால் வேலை ஓடாது. பிறகு என்னைக் கத்தி வரிசைக்கு மாற்றினார்கள். முள்ளில் சதை ஒட்டாமல் உரிக்க எனக்கு வரும். குளிரில் விரல் மரத்துப்போனாலும் கத்தி தானாகப் போகும்.

பகலெல்லாம் மீன் அறுக்கிறவள் வீட்டில் மீனை வளர்க்கிறாளே என்று வரிசையில் சிரிப்பார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற டொரத்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள், "ஏன்டி ஸெல்லா, உன் செல்லமெல்லாம் பெருசானதும் இங்கதான அனுப்புவ? எந்தப் பெல்ட்டுல வரும்னு சொல்லிடு, நான் மெதுவா அறுக்கிறேன்" என்றாள். அன்று மதியம் அவள் தொடையில் கத்தி இறங்கியது. ஏப்ரனையும் தாண்டி எலும்பு வரைக்கும். தரை ஈரம், வழுக்கிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். என்னைப் பார்த்துக்கொண்டே அவளும் அப்படித்தான் சொன்னாள். எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை.

வெர்னலைப் பற்றிக் கேட்டீர்கள். என் புருஷர் நல்லவர். என் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. என் வக்கீல் வேறு மாதிரி சொல்லச் சொல்லுவார். நான் சொல்லமாட்டேன். பஞ்சாலையில் ஒரு பொதி சரிந்து அவர் முதுகு போயிற்று. அதிலிருந்து வீட்டில்தான். முன்னறையில் சோபாவில் படுப்பார், தொட்டிக்கு எதிரே. குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாது. நான்தான் கட்டிவிடுவேன்.

அவரிடம் ஒரே ஒரு குறை, சின்னச் சின்னப் பொய் சொல்வார். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்பார், வீட்டுக்குப் பின்னால் துண்டுகள் கிடக்கும். மாத்திரை போட்டேன் என்பார், தலையணைக்கு அடியில் இருக்கும். கேட்டால் சிரிப்பார். நானும் விட்டுவிடுவேன். இப்போது யோசித்தால், விட்டிருக்கக் கூடாது.

தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். வெள்ளியில் கறுப்புக் கோடு. பெட்டை அகல இலையில் முட்டை வைக்கும், இரண்டும் சேர்ந்து காவல் நிற்கும், இரண்டு நாளில் அதுகளே முட்டையைத் தின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் இலை வெறுமையாக இருக்கும். இந்தத் தடவை தின்னவில்லை. குஞ்சு பொரித்தது. இலையில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். ஏதாவது ஒன்று நழுவிக் கீழே போனால் தகப்பன் போய் வாயில் கவ்விக்கொண்டு வந்து இலையிலேயே துப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து பார்த்தேன், எல்லாம் இலையை விட்டு நீந்த ஆரம்பித்திருந்தன. தாய்க்குப் பின்னால் தூசு மாதிரி ஒரு கூட்டம். தொப்பியைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெர்னலும் பார்த்தார். "பேரு வச்சாச்சா? அந்தக் கடைசியில சோம்பேறியா வருது பாரு, அதுக்கு என் பேர வை" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம், ஐயா.

அந்த வாரம்தான் வாடகை வீட்டின் சொந்தக்காரர் கதவில் துண்டுச் சீட்டு ஒட்டினார். தெருவில் அவருடைய எல்லா வீடுகளுக்கும் வியாழக்கிழமை கரப்பான் மருந்து. எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள், குஞ்சு இருக்கிறது என்று போன் செய்தேன். கோழிக் குஞ்சா என்று கேட்டார். மீன் என்றேன். ஒரு வீட்டை விட்டால் எல்லாக் கரப்பானும் அங்கேதான் போகும் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆலையில் லீவு கேட்டேன். நீங்கள் இந்த ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியும், வராத நாளுக்குப் புள்ளி வைப்பார்கள், புள்ளி சேர்ந்தால் வேலை இல்லை. அம்மாவின் சாவுக்குப் போனதிலேயே என் புள்ளி விளிம்புக்கு வந்திருந்தது. மீனுக்காக லீவு என்றால் சூப்பர்வைசர் என்ன சொல்லுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே வெர்னலை நம்ப வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமைக்கு முந்தின மூன்று நாளும் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மருந்து அடிப்பவரை உள்ளே விட வேண்டும், தொட்டிப் பக்கம் நேராகத் தெளிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும், வாசலில் போய் உட்கார வேண்டும், மதியத்துக்கு மேல் ஜன்னலெல்லாம் திறக்க வேண்டும்.

"போர்வைய தொடாத. பிளாஸ்டிக்க தொடாத. மோட்டார தொடாத. நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றேன்.

"மூச்சு விடலாமா?"

"வெளிய போய் விடு."

அதற்கும் சிரித்தார். எதையுமே தலையில் ஏற்றிக்கொள்ளாத மனுஷர்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து தாளைச் சுற்றினேன், டேப் ஒட்டினேன், போர்வையை நனைத்துப் பிழிந்து போர்த்தினேன். வெர்னல் தூக்கத்திலேயே ஏதோ சொன்னார். நான் கிளம்பும்போது மோட்டார் ஓடவில்லை. இதை பைபிள் மேல் கை வைத்துச் சொல்லுவேன்.

வேலை முடிந்து வந்தபோது வெர்னல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தார். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. அதைப் பார்த்ததும், சொன்னபடி செய்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். "ஸெல்லா, உள்ள என்னமோ சத்தம் கேக்குது, நான் எதையும் தொடல" என்றார்.

போர்வையைத் தூக்கினேன். தொட்டிக்குள் குமிழ்கள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. குஞ்சுகள் எல்லாம் அடி மணலில் படிந்து கிடந்தன, சாம்பல் கொட்டின மாதிரி. பெட்டை பக்கவாட்டில் சாய்ந்து செத்திருந்தது. ஆணுக்கு இன்னும் உயிர் இருந்தது. முதுகு வளைந்து, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடியில் முட்டும், மறுபடியும் சுற்றும். தாளைக் கிழித்து, அதைக் கையில் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பலகையில் வைத்து ஒரே வெட்டில் முடித்தேன். அதற்கு வலித்திருக்காது. அந்தக் கத்தியை நான் கழுவவில்லை. கையிலேயே இருந்தது.

வெர்னல் பின்னாலேயே வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

"நீதான மோட்டார போட்ட?"

"இல்ல, ஸெல்லா. எங்கம்மா மேல சத்தியமா இல்ல."

"மருந்துக்காரரா?"

"பாவம் அந்த ஆளு, தொட்டிகிட்டகூட போகல. நான் கதவுலயே நின்னு பாத்துட்டிருந்தேன்."

அப்படியானால் வேறு யார்? நான் பொறுமையாக யோசித்தேன். ஜன்னல் திறக்க உள்ளே போயிருக்கிறார். போர்வை ஓரத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். குமிழ் இல்லை, மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. மூச்சு முட்டுகிறதே என்று பரிதாபப்பட்டுப் போட்டுவிட்டிருக்கிறார். வெர்னல் அப்படிப்பட்டவர்தான். மழையில் நனைகிற நாயைக் காரில் ஏற்றி வருகிறவர். கல்நெஞ்சுக்காரராக இருந்திருந்தால் அவர் சொன்னதை நான் நம்பியிருப்பேன். அவர் இரக்கம் உள்ளவர், அதுவே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. அதோடு பொய்யும் சொல்லுகிறவர்.

அவர் அழுதார். அழுதுகொண்டே பூட்ஸை இழுத்து மாட்டினார். "கெளம்பு, மீன் கடை சாத்துறதுக்குள்ள கிரீன்வில் டவுனுக்குப் போயிரலாம். இதே மாதிரி ஜோடி பாத்து வாங்கலாம். என் மாத்திரைக் காசு இருக்கு" என்றார். இதே மாதிரி என்றார், ஐயா. ஆலையில் பெல்ட் நின்றால் மறுபடி ஓட விடுகிற மாதிரி.

நான் அவர் கிட்டே போனேன். கயிறு கட்டிவிடத்தான் வருகிறேன் என்று நினைத்துக் காலை நீட்டினார்.

கெளுத்தியில் தலைக்குப் பின்னால் கத்தி போகும் வழி எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். மனிதனில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. கழுத்தில்தான் வைத்தேன், காலை நீட்டிய வேகத்தில் அவர் கொஞ்சம் அசைந்துவிட்டார். தோள் எலும்பில் பட்டுக் கத்தி திரும்பிவிட்டது. நாற்காலியோடு கீழே விழுந்தார். என்னைவிட இரண்டு மடங்கு ஆள் அவர். ஒரு கையால் என்னைச் சுவரோடு தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. "ஸெல்லா, ஸெல்லா" என்று மட்டும் சொன்னார், தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி.

பிறகு தவழ்ந்தார். கதவுப் பக்கம் போவார் என்று நினைத்தேன். முன்னறைக்கு, தொட்டிப் பக்கம் போனார். தரையில் நீங்கள் பார்த்தீர்களே, அந்தத் தடம் அதுதான். நான் பின்னாலேயே நடந்து போனேன். அவசரம் ஒன்றும் இல்லை.

அவர் கையில் இருந்த வெள்ளை டப்பா என்ன என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். முன்பே சொல்லியிருக்கலாம்தான். அது டைமர். சுவர்ப் பிளக்கில் செருகி அதில் மோட்டாரைச் செருகுவது. நேரம் வைத்தால் தானே நிறுத்தும், தானே போடும். போன குளிர்காலத்தில், முதுகு வலியில் தூங்க முடியாமல், மோட்டார் சத்தம் தலைக்குள் போகிறது என்று வெர்னல் சொன்னார். அவருக்காகத்தான் வாங்கி மாட்டினேன். அவர் படுக்கும்போது நிற்கும், விடிந்து கொஞ்ச நேரம் கழித்து ஓடும். அப்படிப் பார்த்தால் அந்த டப்பா அந்த வீட்டுக்குள் வந்ததே அவரால்தான்.

ஆமாம், வியாழக்கிழமை காலையில் நான் பிளக்கைப் பிடுங்கவில்லை. மோட்டார் சத்தம் இல்லாமல் இருந்தது. நின்றிருப்பதைப் பார்த்தேன், போர்வையை நனைக்கப் போய்விட்டேன்.

வெர்னல் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு அந்த டப்பாவைச் சுவரிலிருந்து பிடுங்கினார். குமிழ் நின்றது. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அதைத் தூக்கி என்னிடம் காட்டினார். அதில் ரத்தம் ஒட்டியிருந்தது, ஆனாலும் உள்ளே முள் நின்ற இடம் தெரிந்தது.

"இதுதான், ஸெல்லா. பாரு. யாரு மேலயும் தப்பில்ல" என்றார்.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஜன்னலெல்லாம் திறந்து அறை முழுக்க வெளிச்சமாக இருந்தது. தோளில் பட்ட வெட்டுக்கு ஒரு துண்டை அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார். உங்கள் டாக்டரும் அதையேதான் சொல்லியிருப்பார். மற்ற வெட்டுகள் எல்லாம் அதற்கு அப்புறம். அந்த டப்பாவை நான் பார்த்ததற்கு அப்புறம்.

பிழைத்திருந்தால், ஐயா, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டியிருக்க மாட்டார். தினமும் காலையில் காப்பியோடு எனக்கு எதிரே உட்கார்ந்து, சொல்லிக்காட்டாமலே இருந்திருப்பார்.