‘லைன்’ என்ற சொல்லின் பொருள்

எழுத்துப்பிழையைக் கண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நேற்று உங்கள் ஸ்டேஷன் மொழிபெயர்ப்பாளர் எழுதிவைத்த விசாரணைத் தாள்களை வாசித்தேன். மண் என்று எழுத மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டிருக்கிறார், அதுவும் நான்கு இடங்களில். அதைத் திருத்தத்தான் பேனா கேட்டேன். திருத்திக்கொண்டே போனால் கடைசிப் பக்கத்தில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, எல்லாவற்றையும் நானே முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். இங்கிலீஷிலேயே எழுதியிருப்பேன். ஜானகிக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

என் பெயர் சிவசாமி. பெம்பானுக்கு அப்பால் உள்ள செனாங் ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருஷமாகப் பெரிய கிராணி, அதாவது ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. மலாக்கா டவுனில் ஏழாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவன். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அடுத்தபடி இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். துரை பேசியதை நான் தமிழில் சொன்னால்தான் முந்நூறு பேருக்கும் வேலை தொடங்கும். மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டானாலும் சர்க்கார் நோட்டீஸானாலும் என் மேசைக்குத்தான் வரும். என்னை ‘இங்கிலீஷ் கிராணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

தோட்டத்தின் மேல்கோடியில் ஒரு குன்று உண்டு. அதன் இடுக்குகளில் வெந்நீர் ஊறும். நம் ஆட்கள் வெந்நீர் மலை என்பார்கள். அதன் சரிவில் மூன்று லயங்கள், இருபத்து நான்கு வீடுகள். தொழிலாளர் குடியிருக்கும் வீட்டு வரிசைதான் லயம். ஆபீஸ் இங்கிலீஷில் அதற்கு லைன் என்று பெயர். இந்த ஒரு சொல்லை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது லயத்துக்குப் பின்னால் என் மாட்டுக் கொட்டகை. உதவி மேனேஜரான சின்ன துரையின் தேநீருக்கு அங்கிருந்துதான் பால் போகும்.

போன ஜூலையில், அதாவது 1934இல், ஹார்லன் என்ற பேராசிரியர் வந்தார். எரிமலைகளை ஆராய்கிறவர். சுமத்ராவிலும் ஜாவாவிலும் மலை மலையாக ஏறி இறங்கியவர். எரிமலையே இல்லாத மலாக்காவில் அவருக்கு என்ன வேலை என்று சின்ன துரையே கேட்டார். பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். மலை நெருப்பைக் கக்கித்தான் ஆளைக் கொல்லும் என்பதில்லையாம். உள்ளே சுடுதண்ணீர் வருஷக்கணக்காக ஊறி ஊறிப் பாறையை வேகவைத்துக் களிமண்ணாக்கிவிடுமாம். ஒருநாள் பெருமழையில் மலையின் ஒரு பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிடுமாம். புகை இல்லை, நெருப்பு இல்லை என்பதால் யாரும் ஓடமாட்டார்களாம். ஜாவாவில் அப்படிப் புதைந்த ஒரு கிராமத்தைத் தோண்டிப் பார்த்தவர் அவர். நெருப்பில்லாத குன்றிலும் இது நடக்குமா என்று பார்க்க வந்திருந்தார்.

இதையெல்லாம் காலைப் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, நான் தமிழில் சொன்னேன். கொஞ்சம் சுருக்கினேன். துரை மலைக்கு நாடி பார்க்க வந்திருக்கிறார் என்றேன். அன்றே அவருக்கு ‘நெருப்புமலைத் தொரை’ என்று பெயர் விழுந்துவிட்டது.

அவர் வெந்நீரில் தெர்மாமீட்டரை விட்டார். பிறகு ஒரு துண்டுக் களிமண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துச் சப்பினார். பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், ஜானகி பக்கத்தில் நின்றிருந்தாள்.

“தொரை மண்ணு திங்கிறாரே, எத்தன மாசமாம்?” என்றாள்.

பெண்களெல்லாம் சிரித்தார்கள். என்ன சொல்கிறாள் என்று பேராசிரியர் கேட்டார். தங்கள் கல்வியைப் புகழ்கிறாள் என்று மொழிபெயர்த்தேன். அவர் மகிழ்ந்துபோய் அவளையே உதவிக்கு வைத்துக்கொண்டார். லயங்களுக்கு மேலே தரையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் இரு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை விரலால் அளந்து, விரலுக்கு ஒரு வெட்டாகக் கம்பில் குறித்து வைக்க அவளுக்குக் கையைக் காட்டியே சொல்லிக்கொடுத்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து அவருடைய முதல் கடிதம் வந்தது. பெரிய துரை சீமைக்கு லீவில் போயிருந்தார். சின்ன துரை டென்னிஸ் மட்டையும் கையுமாக நின்றபடி, “நீயே பார்த்துக்கொள்” என்று கடிதத்தைப் பிரிக்காமலே என்னிடம் கொடுத்துவிட்டார். ‘மழைக்கு முன் லைனுக்கு மேலே எல்லாவற்றையும் கிளியர் செய்யவும்’ என்பது வாசகம். கூடவே ஒரு படம். படத்தில் லயங்களுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. படம் வரைகிறவர்கள் ஏதாவது கோடு போடத்தான் செய்வார்கள்.

நான் அதை ஒழுங்காக நிறைவேற்றினேன். லயங்களுக்கு மேலே இருந்த மூங்கிலையும் புதரையும் வேரோடு வெட்டிச் சுத்தம் செய்யவைத்தேன். சாக்கடை தூர் வாரினார்கள். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒருவன் அம்மிக்கும் அடித்துவிட்டான். லயம் பார்க்க வந்த சர்க்கார் அதிகாரி இந்த ஜில்லாவிலேயே இப்படிச் சுத்தமான லயம் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். சின்ன துரை என் கையைக் குலுக்கினார். பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. உத்தரவுப்படி புதர், மூங்கில் எல்லாம் கிளியர் செய்தாயிற்று என்று பேராசிரியருக்கு நல்ல இங்கிலீஷில் பதில் எழுதி, சின்ன துரையிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி இரண்டாவது கடிதம் வந்தது. தபால் பையைப் பிரிப்பவன் நான். தான் சொன்ன லைன் லயம் அல்ல, படத்தில் இருக்கும் சிவப்புக் கோடு என்று பேராசிரியர் எழுதியிருந்தார். கோட்டுக்கு மேலே இருக்கும் ஆட்களைத்தான் கிளியர் செய்யச் சொன்னாராம். புதரை வெட்டியதால் மழைத் தண்ணீர் இன்னும் வேகமாக உள்ளே இறங்கும், மூன்று லயங்களையும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் காலி செய்யுங்கள் என்று கோடிட்டு எழுதியிருந்தார்.

அவர் எல்லை என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஆராய்ச்சி தெரிந்த அளவுக்கு அவருக்கு எழுதத் தெரியவில்லை. ஆனாலும் கடிதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அதே பெரட்டுக்களத்தில், அதே முந்நூறு பேர் முன்னால், நான் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். சின்ன துரையிடமும் சொல்லவேண்டும். என் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கடிதத்தைச் சுத்தச் சான்றிதழுக்கு அடியில் வைத்து அலமாரியைப் பூட்டினேன். குன்று அத்தனை காலம் நின்றது, இன்னும் ஒரு மழைக்காலம் நிற்காதா என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து ஜானகி கம்போடு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். கங்காணி நாகமுத்துவும் அங்கே இருந்தார்.

“கிராணியய்யா, வெடிப்பு அஞ்சு வெரலு ஆயிருச்சு. போன வாரம் மூணுதான். நெருப்புமலத் தொரை காயிதம் போட்டாராமே, என்னா எழுதியிருக்காரு?”

“சுத்தமாக இருக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்” என்றேன்.

“மண்ணத் திங்கிற மனுசன் சுத்தத்தப் பத்தி எதுக்குய்யா எழுதுறாரு?”

நாகமுத்து சிரித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் விடவில்லை. புருஷன் காளிமுத்துவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் செலண்டாரில் இருக்கும் அண்ணன் வீட்டில் மழை முடியும்வரை இருந்துவிட்டு வருகிறேன் என்று லீவு கேட்டாள்.

“புள்ளைங்க இருக்குதுங்கய்யா. பயமா இருக்கு லா. பத்து நாளு போதும்” என்றாள்.

நிதானமாக யோசித்தேன். ஒரு குடும்பம் போனால் பக்கத்து வீட்டுக்காரன் காரணம் கேட்பான். இருபத்து நான்கு வீடும் கேட்கும். கேள்வி கடைசியில் என் அலமாரிக்கு வந்து நிற்கும். ஆகவே ஆள் பற்றாக்குறை என்று சொல்லி லீவை மறுத்தேன். தோட்டத்துக்கு வெளியே போகவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி நாகமுத்துவிடம் சொன்னேன். இதைக் கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். அப்போது கோபம் தணிந்திருந்தது.

டிசம்பர் ஆறாம் தேதி காலை பத்து மணி. மூன்று நாள் அடைமழை. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. அதனால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். பேராசிரியர் சொன்னபடியே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஆபீஸில் மைக்கூடு லேசாக ஆடியது. எட்டிப் பார்த்தபோது குன்றின் பாதியைக் காணோம், லயங்கள் மூன்றையும் காணோம். மண்ணுக்குள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. செத்தவர்கள் தொண்ணூற்றொரு பேர். காளிமுத்துவும் இரண்டு பிள்ளைகளும் அதில் சேர்த்தி. ஜானகி அந்த நேரம் வெடிப்பின் மேல்பக்கம் நின்று விரல் வைத்து அளந்துகொண்டிருந்ததால் தப்பித்தாள். எனக்கும் வருத்தம்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அலமாரியிலிருந்த இரண்டு கடிதங்களையும் நீங்கள் எடுத்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஜானகி கம்பை உங்கள் மேசையில் வைத்தாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அவரக் குத்தம் சொல்லாதீங்கய்யா. கிராணிக்கு இங்கிலீசு தெரியாது. பாவம், தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரு.”

நாகமுத்து ஆமாம் என்று தலையாட்டினார். இதுதான் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பிழை. என் வக்கீல் இதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கிறார். “கிராணிவாள், இந்த ஒரு வரி போதும். இரண்டு கடிதமும் புரியவில்லை என்று சொல்லுங்கள், அடுத்த மாதம் வீட்டுக்குப் போய்விடலாம்” என்கிறார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? முந்நூறு பேர் தோட்டத்தில், பால்மரம் வெட்டுகிற ஒருத்தி சொன்னாள் என்று, இங்கிலீஷ் தெரியாதவன் என்ற பெயரோடு நான் பெம்பான் கடைத்தெருவில் நடக்க முடியுமா?

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளவும். இரண்டாவது கடிதத்தை நான் அகராதி பார்க்காமல் ஒரே மூச்சில் படித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. மூன்று லயங்களும் மண்ணுக்குள் போகும் என்று தெரிந்தேதான் அலமாரியைப் பூட்டினேன், தெரிந்தேதான் ஜானகிக்கு லீவு மறுத்தேன். சந்தேகம் இருந்தால் நாகமுத்துவையே கேளுங்கள். கடிதம் வந்த அன்று மத்தியானமே என் மாட்டையும் கன்றையும் கொட்டகையிலிருந்து அவிழ்த்து ஆற்றங்கரைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். இங்கிலீஷ் தெரியாதவன் மாட்டை அவிழ்த்திருப்பானா?